நேர்ந்துவிட்ட குட்டி

என் இடது விலாவுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. மழைக்கு முன்னால் அரிக்கும். முன்பெல்லாம் அரித்தால் உடனே தங்கச்சிக்கு போன் போடுவேன். "உனக்கும் அரிக்குதாடி?" என்று கேட்பேன். "எடுத்த எடத்துல அரிக்கும். வெச்ச எடத்துல ஏன்க்கா அரிக்கணும்?" என்று சிரிப்பாள். இப்போது அரித்தால் சொறிந்துகொண்டு சும்மா இருக்கிறேன்.

நான் ஜாக்கெட் தைப்பவள். வீடு ஸ்ரீரங்கத்தில், கடை மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைச் சந்து ஒன்றில், செங்குத்துப் படி ஏறி மாடியில். வாய் ஜாஸ்தி என்று எனக்குப் பெயர். அளவு ஜாக்கெட் கொண்டுவராமல் "சும்மா கண்ணால பாத்துத் தச்சிருங்கக்கா" என்று வருகிறவர்களிடம், "என் கண்ணுல டேப் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். தங்கச்சி எனக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பாள். அவள் உடம்பும் அப்படித்தான், வலித்தால்கூட வாயைத் திறந்து சொல்லாது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகுதான் முகம் வீங்கி எங்களுக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு டயாலிசிஸ், டயாலிசிஸ் என்று வருஷங்கள் போயின. குழந்தை பெற்றுக்கொள்ளும் பேச்சே எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னுடையது அவளுக்குப் பொருந்தும் என்று தெரிந்ததும் கொடுத்துவிட்டேன். இதைச் சொல்லும்போதெல்லாம் என்னைத் தியாகி மாதிரி பார்க்கிறார்கள். அட போங்கள். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவள் பங்கு முட்டையைப் பிடுங்கித் தின்றவள் நான். கொடுப்பதற்கு என்ன யோசனை? என் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று தங்கச்சி புருஷன் வெளியே வராந்தாவில் ஒரு தூணோரம் நின்றிருக்கிறார். அவர் திருவெறும்பூரில், பெரிய ஃபேக்டரிக்கு இரும்பு வேலை செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வெல்டர். நெருப்போடு பழகிய ஆள், ஆனால் மனசு தண்ணீர். ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து கையில் வைத்துக்கொண்டு, துறையூர்ப் பக்கம் இருக்கும் அவர்கள் குலதெய்வம் கருப்பனை வேண்டியிருக்கிறார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் நல்லபடியா வெளிய வரட்டும். கருங்கிடா வளர்த்து உனக்கே வெட்டுறேன்." நாங்கள் இருவரும் நல்லபடியாக வெளியே வந்தோம். இதை மறந்துவிடாதீர்கள், அந்தச் சாமி அன்றைக்குத் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அவளை நாங்கள் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, கேளுங்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு வேண்டாம் என்று தள்ளாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் படுக்க வைத்துவிடும். நமக்குச் சளியோடு போவது அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும் என்றார் டாக்டர். அவ்வளவுதான், நான் அந்த வீட்டுக்குப் போலீஸ் ஆனேன். வாசலில் சோப்பு, வாளி, துண்டு. கை கழுவாமல் யாரும் உள்ளே வர முடியாது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கூட்டம் எதுவும் கிடையாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். பட்டறையிலிருந்து வந்தால் மாப்பிள்ளை கொல்லையிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார். நான் வாரம் தவறாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறித் திருவெறும்பூர் போய் எல்லாவற்றையும் சரிபார்ப்பேன். என் கைப்பையில் எப்போதும் ஒரு சோப்புக்கட்டி இருக்கும், பிளாஸ்டிக் டப்பாவில்.

"மனுஷ வாடையே எனக்கு மறந்துபோச்சுக்கா" என்றாள் ஒரு தடவை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கு வெளிய நின்னு பேசுறாங்க. நான் ஜெயில்ல இருக்கேன்னு நெனச்சுப் பாவப்படுறாங்க."

"கொஞ்ச நாளுடி. பொறுத்துக்க."

"பொறுத்துக்கிட்டுத்தான இருக்கேன். முன்னாடில்லாம் எனக்குக் கோவமே வராது. உன் கிட்னி வந்ததுலேருந்து சுள்ளுன்னு வருது. நேத்து உங்க மாப்பிள்ளையத் திட்டிப்புட்டேன் தெரியுமா?"

"நல்லா வேணும்" என்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் கோபத்தில் கொஞ்சம் அவளுக்கும் போயிருந்தால் நல்லதுதானே.

அந்தச் சமயத்தில்தான் குட்டி வந்தது.

கருப்பனுக்கு நேரும் கிடாய் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும், ஒரு வெள்ளை மயிர் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஊரில் ஆடு வைத்திருப்பவர். அங்கே ஒரு கறுப்புக் கிடாய்க்குட்டி பிறந்திருக்கிறது. தாயாடு ஈன்றதும் செத்துவிட்டது. கன்னங்கரேல் என்று குட்டி கிடைப்பது லேசில்லை என்பதால், பிறந்து சில நாளே ஆன அதை மாப்பிள்ளை பைக்கில் துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். பெரியப்பா வீட்டுப் பட்டியில் வேறு இரண்டு குட்டிகள் அப்போதே கழிந்துகொண்டிருந்தன என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆட்டுக்குட்டி கழிவது ஊரில் யாருக்குப் பெரிய விஷயம்?

அவர்கள் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. யாருக்காக நேர்ந்ததோ அவர் கையால்தான் முதல் வாய் கொடுக்க வேண்டும். நேர்ந்துவிட்ட பிறகு அந்த ஆட்டை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, விரட்டக் கூடாது. தோட்டத்துச் செடியைத் தின்றால்கூடச் சாமி தின்றது என்று விட்டுவிட வேண்டும். அது அவர்கள் ஆடு இல்லை, அவர்கள் வீட்டில் நிற்கும் சாமியின் ஆடு.

தங்கச்சி பால் பாட்டிலை நீட்டினாள். குட்டி முட்டி முட்டிக் குடித்தது. அவ்வளவுதான், இரண்டும் ஒன்றாகிவிட்டன. அடுத்த வாரம் நான் போனபோது அது அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?" என்றேன்.

"மனுஷங்க கிட்டத்தான போகக் கூடாதுன்னாங்க" என்றாள்.

இருமுகிற மனிதன், தும்முகிற மனிதன், பஸ்ஸில் தொட்ட கை, இதெல்லாம்தான் எங்கள் கண்ணுக்கு எதிரி. பால் வாசனை அடிக்கும் ஒரு குட்டி எப்படி எதிரியாகும்? அவள் முகத்தில் அவ்வளவு நாள் இல்லாத ஒரு மினுமினுப்பு இருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குட்டியின் காதை மடித்துக் காட்டினாள். உள்ளே நாலைந்து வெள்ளை மயிர்.

"அவருகிட்ட சொல்லிராதக்கா. நேரம் வர்றப்ப நானே காட்டுறேன். வெள்ளை இருந்தா வெட்ட மாட்டாங்கல்ல?"

"அடிப்பாவி" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை மறைக்கத் துணிந்திருந்தாள்.

பிறகு குட்டிக்குக் கழிச்சல் கண்டது. மஞ்சளாகத் தண்ணீர் போலப் போனது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. குட்டி துவண்டு, கழுத்தைத் தரையில் போட்டுக்கொண்டது. நேர்ந்துவிட்ட குட்டி செத்தால் சாமி வேண்டுதலை ஏற்கவில்லை என்று அர்த்தம். சாமி ஏற்காவிட்டால் யாருக்காக வேண்டினார்களோ அவருக்கு ஆகாது. அந்தப் பயத்தில் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய பயமெல்லாம் அவளைப் பற்றித்தான். குட்டி பிழைத்தால் அவள் பிழைப்பாள், அவ்வளவுதான் அவர் கணக்கு. அதனால் அவள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுபட்டதை அவர் தடுக்கவில்லை. தடுக்க ஏன் தோன்றும்?

அவள் வெந்நீரை விளாவிச் செம்பில் எடுத்து அதன் முதுகில், பின்னங்காலில் ஊற்றிக் கையால் துடைத்துக் கழுவுவாள். முதலில் குட்டி வெடவெடவென்று உதறும். "உதறாதடா தங்கம், என் மேலெல்லாம் தெறிக்குது" என்பாள். கழுவி முடித்ததும் ஒரு பழைய பூத்துவாலையால் முகத்திலிருந்து வால் வரை துவட்டிவிட்டு, பாட்டிலை வாயில் வைப்பாள். நாள் முழுக்க இதே வேலை. போகப் போகக் குட்டி பாடம் படித்துக்கொண்டது. தண்ணீர் பட்டால் உதறாது. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, அசையாமல் நிற்கும். தண்ணீருக்குப் பின்னால் துண்டு வரும், துண்டுக்குப் பின்னால் பால் வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. "பாருக்கா, சமத்து" என்று எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. திறந்து பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

மாப்பிள்ளை குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே டாக்டர் பார்த்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, ஈரம் இல்லாத இடத்தில் கட்டச் சொல்லியிருக்கிறார். "இது மனுஷங்களுக்கும் ஒட்டும். வீட்டுல சின்னக் குழந்தைங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். குழந்தை இல்லாத வீட்டு மனிதர் என்ன சொல்வார்? "இல்லங்க சார்" என்றிருக்கிறார். "அப்ப கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிக்கங்க, போதும்" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கேள்வி எங்கள் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் குத்தியது. வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதைக்கூடச் சொல்லாமல் படுத்திருக்கிறார்.

குட்டி எழுந்து நின்றது. அது துள்ள ஆரம்பித்த வாரம்தான் தங்கச்சி படுத்தாள்.

வயிற்றுப்போக்கு என்றால் சாதாரணப் போக்கு இல்லை. குடித்த தண்ணீர் குடித்தபடியே போனது. உதடு வறண்டு, கண் உள்ளே போய்விட்டது. டவுனில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் செய்தார்கள். எதிலும் காரணம் பிடிபடவில்லை. "வெளிச் சாப்பாடு ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க போன வாரம் கோயில் புளியோதரை கொண்டாந்தீங்கல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பெருமாள் கோயில் பிரசாதத்தச் சொல்றீங்களா? ஒரு உருண்டை! அதையும் ஆவி பறக்கச் சூடு பண்ணிக் குடுத்தேன். அதுவா இப்படிப் பண்ணும்?" என்று வராந்தாவிலேயே கத்தினேன். நர்ஸ் வந்து வாயைப் பொத்தச் சொன்னாள். அவரும் விடவில்லை. உங்களை யார் கொண்டுவரச் சொன்னது என்றார். உள்ளே அவள் சொட்டுச் சொட்டாக வற்றிக்கொண்டிருக்க, நாங்கள் வெளியே புளியோதரைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டார். என் காதுபடத்தான் கேட்டார். "வீட்டுல ஆடு, மாடு, கோழி ஏதாவது வளக்கிறீங்களா?"

மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. "இல்லங்க சார். டவுன் வீடு. அதெல்லாம் வளக்கிறது இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே அது பொய்யாகப் படவில்லை. ஆடு வளர்ப்பது என்றால் பட்டி போடுவது, பால் கறப்பது, விற்பது. கொல்லையில் நிற்பது சாமி. அதை ஆடு என்று அவர்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, "கருப்பன் குட்டி" என்றுதான் சொல்வார்கள். ஆட்டு டாக்டர் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றோம். மனுஷ டாக்டர் ஆடு இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றோம். இரண்டுமே உண்மை. அந்த இரண்டு உண்மையும் சேர்ந்து என் தங்கச்சியைக் கொன்றன.

விஷயத்தை உடைத்தது அவளேதான். டாக்டர் காலையில் ரவுண்டுக்கு வந்து நின்றபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்னங்க, குட்டிக்குப் பால் குடுத்தாச்சா?"

"என்ன குட்டிம்மா?" என்றார் டாக்டர்.

"கருப்பன் குட்டி. அதுக்கும் வயித்தால போயி இப்பதான் தேறுச்சு, பாவம்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தாலே எனக்குப் பயம். எல்லாவற்றையும் கேட்டார். கழுவியது, துடைத்தது, மேலே தெறித்தது, மடியில் தூங்கியது. மலத்தை இன்னொரு விதமாகச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லி எழுதினார். சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. குட்டியின் குடலில் இருந்ததேதான் இவள் குடலிலும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. பிறந்து சில நாளான குட்டிகளைத்தான் முக்கியமாகப் பிடிக்குமாம். கழிச்சலோடு கோடிக்கணக்கில் வெளியே வருமாம், அதில் துளி வாய்க்குள் போனால் போதுமாம்.

"வீடு பூரா பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுனேனே சார்" என்றார் மாப்பிள்ளை.

"அதுக்கு அது சாகாதுங்க. நல்ல சூடு, வெயில், ஈரமே இல்லாமக் காயுறது, அதுலதான் சாகும். ஈரத்துல ரொம்ப நாள் உயிரோட இருக்கும்."

பிளீச்சிங் பவுடரையே சட்டை செய்யாத ஜந்து. நாங்கள் தினம் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி அதற்குத் தாகம் தீர்த்திருக்கிறோம்.

நல்ல உடம்புக்காரர்களுக்கு இது சில வாரத்தில் தானாகவே நின்றுவிடுமாம். இவளுக்கு நிற்பதற்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். எதிர்ப்புச் சக்தி வர வேண்டுமானால் அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும். மாத்திரையைக் குறைத்தால் உடம்பு என் சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். குறைக்காவிட்டால் போக்கு நிற்காது, தண்ணீர் வற்றி அப்போதும் சிறுநீரகம் போய்விடும். டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கினார். நான் தையல்காரி, துணி பற்றாவிட்டால் எங்கேயாவது ஒட்டுப் போட்டுச் சமாளிப்பவள். இதில் ஒட்டுப் போட இடமே இல்லை.

கொஞ்சம் குறைத்தார்கள். ஒரு மருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். போக்கு ஒருநாள் குறையும், மறுநாள் கூடும். இரத்தத்தில் உப்பு ஏறியது. ஒருநாள் சிறுநீர் நின்றே போனது. மறுபடி டயாலிசிஸ் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த மெஷினை இனி பார்க்கவே வேண்டாம் என்றுதானே என் வயிற்றைக் கிழித்துக் கொடுத்தேன்?

டாக்டர் அறைக்குள் போய், "இன்னொண்ணு இருக்குல்ல சார், அதையும் எடுத்துக்கங்க" என்றேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து என் எதிரே நின்று, "வீட்டுக்குப் போயி கொஞ்சம் சாப்பிடுங்கம்மா" என்றார்.

மாப்பிள்ளையை நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. நீங்கதானய்யா வேண்டினீங்க, நீங்கதானய்யா கொண்டுவந்தீங்க என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் அந்த வராந்தாவில், முதலில் வேண்டிக்கொண்டு நின்ற அதே தூணுக்குப் பக்கத்தில், தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை யார் என்ன சொல்ல முடியும்? காப்பி வாங்கிக் கையில் கொடுத்தேன். குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவள் என்னோடு பேசியபோது குரல் வரவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"ஸாரிக்கா."

"எதுக்குடி?"

"ஆசையாக் குடுத்த. வீணாக்கிட்டேன்."

"வாய மூடு" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதட்டத்தான் வந்தது. "நீ என்ன எங்கிட்ட இரவல் வாங்கினியா, திருப்பித் தர்றதுக்கு? உன்னோடதுடி அது."

அவள் லேசாகச் சிரித்தாள். "குட்டிய அடிக்காம பாத்துக்கச் சொல்லு. அதுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு இரத்தத்தில் கிருமி ஏறி நினைவு தப்பியது. திரும்பவில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். நான் நிற்கவில்லை. பெரியவர்கள் தடுத்தார்கள். "என் உடம்புல ஒண்ணு அவகூடப் போகுது. அத வழியனுப்ப நான் வராம யாரு வர்றது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். காவிரிக் கரையில் அவளோடு சேர்த்து நானும் கொஞ்சம் எரிந்தேன். இது கதைக்காகச் சொல்வது இல்லை, நடந்ததே அதுதான். சதையும் இரத்தமுமாக என்னுடையது அந்தத் தீயில் இருந்தது.

குட்டி கொல்லையில் வளர்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மாப்பிள்ளை தழை கொண்டுவந்து போடுவார், தண்ணீர் வைப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் பாய்ந்ததாகவும், அது பால் பாட்டில் என்று நினைத்துக் கம்பி நுனியை நக்க வந்ததாகவும் என்னிடம் சொல்லி அழுதார்.

அது கொம்பு முளைத்துக் கிடாயாக நின்றபோது பெரியப்பா ஊரிலிருந்து வந்தார். "வேண்டுதலக் கழிச்சிரணும்பா" என்றார்.

"யாருக்காகப் பெரியப்பா? அவதான் போயிட்டாளே" என்றார் மாப்பிள்ளை.

"நீ என்னன்னு வேண்டுன? ரெண்டு பேரும் ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா வெளிய வரணும்னு. வந்தாங்கல்ல? சாமி குடுத்துருச்சு. நீதான் பாக்கி. இன்னொருத்தி உசுரோட இருக்கா, அத நெனச்சுப் பாரு."

இன்னொருத்தி என்றது என்னை. அதற்குப் பிறகு மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துவிட்டார்.

நானும் போனேன். வேனில் போகும்போது வழி முழுக்க அந்தக் காது ரோமத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காட்ட வேண்டியதை நான் காட்டிவிடலாம், ஆடு பிழைத்துப் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அது பிழைத்து என்ன ஆகப் போகிறது, அவளைத் தின்றது அதுதானே என்று இன்னொரு மனம் சொன்னது. கோயில் வந்து சேரும்வரை எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

வெட்டவெளியில் புளியமரத்தடியில் கருப்பன் கோயில். கிடாய்க்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். இங்கே ஒரு முறை உண்டு. பூசாரி மஞ்சள் தண்ணீரை ஆட்டின் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், உடனே வெட்டுவார்கள். உதறாவிட்டால் வெட்டக் கூடாது. எந்த ஆடாக இருந்தாலும் தண்ணீர் பட்டால் உதறத்தான் செய்யும். உதறாமல் நின்ற ஆட்டைப் பார்த்ததே இல்லை என்றார்கள்.

பூசாரி செம்பைக் கவிழ்த்தார். ஆடு கண்ணை மூடிக்கொண்டது. கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, அசையாமல் நின்றது.

இன்னொரு செம்பு ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் தாடையில் வழிந்து சொட்டியது. ஆடு அசையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி கையை உயர்த்தி ஏதோ சொல்லி மறுபடி ஊற்றினார். கண் மூடியபடி அது இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டியது. "என்னமோ கொறை இருக்குப்பா" என்றார் பெரியப்பா. பக்கத்தில் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் கோணிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றார். "அது துண்டுக்காக நிக்குதுக்கா."

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அவள் செத்தபோதுகூட அந்த மனிதர் அப்படி அழவில்லை. பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "சாமிக்கு வேண்டாமாம். கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "வேண்டாமா? இது வேண்டாம்னா அவள மட்டும் எதுக்குய்யா எடுத்துக்கிட்ட?" என்று அந்தக் கல்லைப் பார்த்துக் கத்தினேன். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். தட்டிவிட்டேன். கல் கல்லாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகத்திலிருந்து வால் வரை, அவள் துவட்டுவது போலவே துவட்டினார். துவட்டி முடித்ததும் ஆடு கண்ணைத் திறந்து, பால் எங்கே என்று அவர் விரலை வாயால் தேடியது. கொம்பு முளைத்த கிடாய், அவர் விரலைச் சப்பிக்கொண்டு நின்றது.

வேன் பக்கத்தில் குழாய் இருந்தது. நான் கைப்பையைத் திறந்து சோப்பு டப்பாவை எடுத்து நீட்டினேன். "கையக் கழுவிக்கங்க மாப்ள."

அவர் சோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே யாருக்காகக்கா?" என்றார்.

குழாயைத் திறந்துவிட்டேன். அவர் கையை நீட்டினார்.